முந்திரி ஓட்டுப் பிசின்: வலிமைக் கணக்கைக் கேட்ட பிறகே வாக்குறுதியை நம்ப வேண்டும்

கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டி, விருத்தாசலம் வட்டாரங்களிலும், அரியலூர் மாவட்டத்தில் ஜெயங்கொண்டம் பகுதியிலும், புதுக்கோட்டை மாவட்டத்திலும் மானாவாரிச் செம்மண் நிலத்தில் முந்திரி சாகுபடி செய்யும் சிறு விவசாயிகள் ஏராளம். இவர்களில் பெரும்பாலோர் கொட்டையை மூட்டையாகவே விற்று விடுகிறார்கள். கொட்டைக்குக் கிடைக்கும் விலை உள்ளே இருக்கும் பருப்பைக் கணக்கிட்டு வைக்கப்படுவது. ஓட்டுக்கு அதில் தனி மதிப்பு எதுவும் இல்லை.

இந்த ஓட்டின் எண்ணெய்க்கு இப்போது ஒரு புதிய பெருமை சேர்ந்திருக்கிறது. பெட்ரோலியப் பொருள்களிலிருந்து செய்யப்படும் எபாக்சி என்னும் பிசினுக்குப் பதிலாகத் தாவரப் பொருள்களிலிருந்து பிசின் தயாரிக்கும் ஆராய்ச்சி உலகெங்கும் நடைபெறுகிறது. சோயா எண்ணெய், ஆளி விதை எண்ணெய் ஆகியவற்றோடு முந்திரி ஓட்டு எண்ணெயும் அதில் முன்வரிசையில் இருக்கிறது. செய்தி நல்ல செய்திதான். ஆனால் இத்தகைய செய்தி கிராமத்தை எட்டும்போது, "ஓடு பொன்னாகப் போகிறது, மேலும் மரம் வையுங்கள், முன்பணம் கட்டுங்கள்" என்ற வாக்குறுதியாக மாறி விடுவதுண்டு. ஒரு பிசின் எவ்வளவு பாரம் தாங்கும், எந்த வெப்பத்தில் இளகும், தண்ணீரில் என்ன ஆகும் என்ற பரிசோதனைக் கணக்குதான் அதற்குச் சந்தை உண்டா, இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. ஆகவே அந்தக் கணக்கைப் படிக்கத் தெரிந்து கொள்வது சிறு விவசாயிக்கும் அவசியம்.

ஓட்டுக்குள் இருப்பது என்ன?

வியாபாரத்தில் முந்திரிக் கொட்டை 80 கிலோ மூட்டையாகக் கணக்கிடப்படுகிறது. ஒரு மூட்டையை உடைத்தால் ஏறத்தாழ 20 முதல் 23 கிலோ பருப்பு கிடைக்கும். ஓடு 50 கிலோவுக்கு மேல் இருக்கும். தேன்கூடு போன்ற ஓட்டின் நடு அடுக்கில் கருஞ்சிவப்பான, காரமுள்ள எண்ணெய் தங்கியிருக்கிறது. ஓட்டின் எடையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை எண்ணெய் உண்டு. செக்கு போன்ற எந்திரத்தில் பிழியும்போது அவ்வளவும் வந்து விடாது. ஐந்தில் ஒரு பங்கு வந்தால், ஒரு மூட்டைக் கொட்டைக்குச் சுமார் 10 கிலோ எண்ணெய் என்று கொள்ளலாம்.

கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களைப் புண்ணாக்குவது இந்த எண்ணெய்தான். அதற்காகவே அவர்கள் கையில் ஆமணக்கெண்ணெயோ சாம்பலோ பூசிக் கொள்கிறார்கள். எண்ணெயைச் சூடாக்கும்போது அதிலுள்ள அனகார்டிக் அமிலம் கரியமில வாயுவை இழந்து கார்டனால் என்ற பொருளாக மாறுகிறது. கார்டனாலே பிசின் தொழிலுக்கு வேண்டிய சரக்கு. பிரேக் கட்டைகளில் முந்திரி ஓட்டுப் பிசின் பல பத்தாண்டுகளாகவே பயன்பட்டு வருகிறது. எண்ணெயின் தரத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் 840 என்ற எண்ணில் விதிமுறையும் உண்டு.

எபாக்சி விவசாயிகளுக்குப் புதிதல்ல. பம்பின் உறையில் விரிசல் கண்டால் இரண்டு பசைகளைச் சேர்த்துப் பிசைந்து அடைக்கிறார்களே, அதில் இருப்பது எபாக்சிதான். காற்றாலை இறக்கைகளிலும், கப்பலின் அடிப்பாகத்துக்குப் பூசும் வண்ணத்திலும் அது உண்டு. வழக்கமான எபாக்சி, பிஸ்பினால்-ஏ என்னும் பெட்ரோலியப் பொருளிலிருந்து செய்யப்படுகிறது. உடல்நலம் கருதி இப்பொருள்மீது கட்டுப்பாடுகள் வந்து கொண்டிருக்கின்றன. உணவோடு தொடர்பு கொள்ளும் பாத்திரங்களிலும் பூச்சுகளிலும் இதைப் பயன்படுத்துவதைத் தடை செய்யும் விதியை, சில விலக்குகளுடனும் கால அவகாசத்துடனும், ஐரோப்பிய ஆணையம் 2024 டிசம்பரில் பிறப்பித்தது. தாவரப் பிசினை உலகம் தேடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வலிமையை அளப்பது எப்படி?

நெல்லுக்கு ஈரப்பதம் பார்ப்பது போலப் பிசினுக்கும் பரிசோதனைகள் உண்டு. முதலாவது இழுவைச் சோதனை. பிசினை ஹார்டனர் என்னும் கெட்டிப்படுத்தும் பொருளோடு கலந்து அச்சில் வார்த்து, இரு முனையும் அகன்று நடுப்பகுதி குறுகிய ஒரு பட்டையாக எடுக்கிறார்கள். உலகில் பெரிதும் பின்பற்றப்படும் ஓர் அமெரிக்க முறைப்படி, இப்பட்டையின் நீளம் 165 மில்லிமீட்டர். நடுப்பகுதியின் அகலம் 13 மில்லிமீட்டர், கனம் ஏறத்தாழ 3.2 மில்லிமீட்டர். இதன் இரு முனைகளையும் எந்திரத்தின் தாடைகள் கவ்விக் கொண்டு மெதுவாக இழுக்கும். அறுபடும்போது இருந்த விசையை, பட்டையின் குறுக்குப் பரப்பால் வகுத்தால் கிடைப்பதே இழுவை வலிமை.

இதை மெகா பாஸ்கல் என்ற அளவையில் குறிப்பிடுவார்கள். ஒரு மெகா பாஸ்கல் என்பது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 10 கிலோ பாரம் எனக் கொண்டால் விஷயம் எளிதாகி விடும். நன்கு இறுகிய சாதாரண எபாக்சியின் இழுவை வலிமை பெரும்பாலும் 50 முதல் 85 மெகா பாஸ்கல் வரை இருக்கும். 60 என்று வைத்துக் கொண்டால், மேலே கண்ட சிறு பட்டை சுமார் 250 கிலோ, அதாவது இரண்டரைக் குவிண்டால் பாரத்தில்தான் அறும்.

இரண்டாவது வளைவுச் சோதனை. பட்டையை இரண்டு தாங்கிகள்மீது கிடத்தி நடுவில் அழுத்துவார்கள். உத்தரத்தின் நடுவில் பாரம் ஏற்றுவது போன்றது இது. மூன்றாவது மோதல் சோதனை. பட்டையில் சிறு வெட்டுப் போட்டு, ஊசல் போன்ற சம்மட்டியால் ஒரே அடியில் உடைத்து, உடைக்கச் செலவான சக்தியை அளப்பார்கள். மெதுவாக இழுத்தால் நன்கு தாங்கும் பொருள், திடீர் அடியில் கண்ணாடி போல் சிதறி விடலாம். ஆகவே ஒரு சோதனையை மட்டும் செய்து விட்டு, பிசின் வலிமையானது என்று முடிவு கட்டக் கூடாது.

பந்தலும் முடிச்சும்

முந்திரி ஓட்டுப் பிசின் இந்தச் சோதனைகளில் எப்படித் தேறுகிறது? இதைப் பந்தலைக் கொண்டு விளங்கிக் கொள்ளலாம். மூங்கில்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, அவை சந்திக்கும் இடங்களில் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தால் பந்தல் ஆடாது. கட்டு குறைந்தால் பந்தல் தொய்யும். எபாக்சியின் உள்ளமைப்பும் இப்படிப்பட்ட பந்தல்தான். பிஸ்பினால்-ஏ மூலக்கூறில் இரண்டு கடினமான வளையங்களும், முடிச்சுப் போட இரண்டு முனைகளும் உண்டு. கார்டனாலில் ஒரு வளையம், ஒரு முனை, அதோடு 15 கரி அணுக்கள் கொண்ட நீண்ட வால் ஒன்று. முடிச்சு குறைகிறது, நடுவே கயிறு போன்ற வால் நுழைகிறது. பல கார்டனால்களை முதலில் ஒன்றோடொன்று சேர்த்து முனைகளை அதிகமாக்கும் வழிகளும் உண்டு. ஆனாலும் வால் எங்கும் போய் விடுவதில்லை.

இதன் விளைவாக, கார்டனால் சேரச் சேரப் பிசினின் இழுவை வலிமையும் விறைப்பும் பொதுவாகக் குறைகின்றன. சாதாரண எபாக்சியில் ஓரளவு மட்டும் கலந்தால் இழப்பு சிறிது. முழுவதையும் மாற்றினால் இழப்பு பெரிது. அதே சமயம் பிசின் வளைந்து கொடுக்கிறது, அறுவதற்கு முன் அதிகம் நீள்கிறது, அடிபட்டால் எளிதில் சிதறுவதில்லை. எண்ணெய்ப் பசை கொண்ட வால் தண்ணீரையும் தள்ளி வைக்கிறது. சுருங்கச் சொன்னால், கார்டனால் ஒரு குணத்தைக் கொடுத்து இன்னொன்றை எடுத்துக் கொள்கிறது. எதைக் கொடுக்கிறது, எதை எடுக்கிறது என்று சேர்த்துச் சொல்வதே நேர்மையான அறிக்கை.

அறிக்கையில் விடுபடுபவை

வலிமை அறிக்கைகளில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது வெப்பநிலை. பரிசோதனைக் கூடத்தில் பட்டைகளை 23 டிகிரி வெப்பத்திலும், காற்றில் 50 சதவிகித ஈரப்பதத்திலும் வைத்துச் சோதிப்பதே வழக்கம். விருத்தாசலத்தில் மே மாதத்தில் 23 டிகிரி எங்கே இருக்கிறது? வெயிலில் கிடக்கும் இரும்புத் தகடு 60 டிகிரிக்கு மேலும் சூடேறும். ஒவ்வொரு பிசினுக்கும் ஓர் இளகும் வெப்பநிலை உண்டு. அதைத் தாண்டினால் கெட்டியாக இருந்தது ரப்பரைப் போல் ஆகி விடும். கார்டனால் கூடும்போது இந்த வெப்பநிலை கீழே இறங்குகிறது. 23 டிகிரியில் நன்றாகத் தேறிய பிசின், தகரக் கொட்டகைக்குள் தொய்ந்து போகலாம். ஆகவே வெயில் சூட்டில் செய்த சோதனையும் அறிக்கையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது தண்ணீர். பட்டையை 24 மணி நேரம் நீரில் ஊற வைத்து எடை எவ்வளவு கூடுகிறது என்று பார்ப்பது ஒரு சோதனை. ஊறிய பிறகு மீண்டும் இழுத்துப் பார்ப்பது அதைவிட முக்கியம். பம்புக்கும் தொட்டிக்கும் தெளிப்பானுக்கும் பயன்படப் போகும் பொருளுக்கு இந்தச் சோதனை இன்றியமையாதது.

மூன்றாவது, சராசரிக்குப் பின்னால் மறைந்திருக்கும் வித்தியாசம். ஒரு சோதனைக்குக் குறைந்தது ஐந்து பட்டைகளையாவது உடைக்க வேண்டும் என்பது முறை. ஓர் உதாரணக் கணக்கு பார்க்கலாம். ஒரு பிசினின் ஐந்து பட்டைகள் 58, 59, 60, 61, 62 மெகா பாஸ்கலில் அறுகின்றன. இன்னொரு பிசினின் பட்டைகள் 40, 45, 60, 75, 80 என்று அறுகின்றன. இரண்டுக்கும் சராசரி 60தான். ஆனால் முதல் பிசினை நம்பிப் பொருள் செய்யலாம், இரண்டாவதை நம்ப முடியாது. கலவை சரியாக இல்லாமை, காற்றுக் குமிழி, சரக்கின் தரம் ஒரே சீராக இல்லாமை ஆகியவை இத்தகைய வித்தியாசத்துக்குக் காரணமாகின்றன. மூட்டைக்கு மூட்டை மாறும் ஓட்டிலிருந்து ஒரே சீரான எண்ணெய் எடுப்பது எளிதல்ல. இதனாலேயே தொழிற்சாலைகள் விவசாயியின் சரக்கை அளவில் மட்டுமன்றி, சீரான தரத்திலும் எதிர்பார்க்கின்றன.

காட்டாமணக்கு கற்பித்த பாடம்

சோதனைக்கு முன் வந்த வாக்குறுதி என்ன செய்யும் என்பதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2003ஆம் ஆண்டில் மத்திய திட்டக் குழு அமைத்த குழு, டீசலுக்கு மாற்றாகக் காட்டாமணக்கு எண்ணெயைப் பெரிய அளவில் உற்பத்தி செய்யச் சிபாரிசு செய்தது. தமிழ்நாட்டிலும் மானாவாரி நிலங்களில் விவசாயிகள் நட்டார்கள். தண்ணீர் தேவையில்லை, தரிசிலும் விளையும் என்று சொல்லப்பட்டது. செடி பிழைத்தது, ஆனால் சொன்ன மகசூல் வரவில்லை. பாசனம் இல்லாத நிலத்தில் காய்ப்பு சொற்பம். விதையை வாங்குவோரும் போதிய அளவில் இல்லை. சில ஆண்டுகளிலேயே பலர் செடியைப் பிடுங்கி எறிந்தார்கள். எண்ணெய் டீசலாக எரியும் என்பது சோதனைச் சாலையில் உண்மையாகவே இருந்தது. விவசாயியின் வயலில் எவ்வளவு விளையும், என்ன விலைக்குப் போகும் என்பதைத்தான் போதிய அளவு சோதிக்கவில்லை. நட்டம் முழுவதும் விவசாயியின் தலையில் விழுந்தது.

முந்திரியின் நிலை அவ்வளவு மோசமல்ல. பருப்புக்கு எப்போதும் சந்தை உண்டு, ஓடு உபரி வரவு மட்டுமே. ஆயினும் பிசினை நம்பி மட்டும் புதிதாக முந்திரி நடுவது தவறு. இந்தியாவின் முந்திரித் தொழிற்சாலைகள் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் ஏராளமாகக் கொட்டை இறக்குமதி செய்கின்றன. அந்தக் கொட்டைக்கும் ஓடு உண்டு. ஆகவே ஓட்டுக்குப் பஞ்சம் வந்து விலை தாறுமாறாக ஏறும் என்று எதிர்பார்க்க இடமில்லை. மரம் நடுவதா வேண்டாமா என்பதைப் பருப்பு விளைச்சலையும் நிலத்தையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

தாவரப் பிசின் தொழிலைச் சொல்லி முதலீடு, முன்பணம் அல்லது ஒப்பந்தம் கேட்டு யாரேனும் வந்தால், விவசாயிகள் குழுவாக அமர்ந்து கீழ்க்கண்டவற்றைக் கேட்பது நல்லது.

1. இழுவை, வளைவு, மோதல் ஆகிய மூன்று சோதனைகளின் அறிக்கையும் உண்டா? அவை எந்த முறைப்படி, எந்தக் கூடத்தில் செய்யப்பட்டன?

2. ஒவ்வொரு சோதனைக்கும் எத்தனை பட்டைகள் உடைக்கப்பட்டன? சராசரியோடு ஏற்ற இறக்கமும் குறிப்பிடப்பட்டுள்ளதா?

3. 23 டிகிரியில் மட்டுமா, 50 அல்லது 60 டிகிரியிலும் சோதித்தார்களா? நீரில் ஊறிய பின் வலிமை என்ன?

4. பிசினில் தாவரப் பங்கு எத்தனை சதவிகிதம்? இதைக் கரி-14 முறையில் அளக்க முடியும். அண்மையில் விளைந்த தாவரத்தில் இந்தக் கரி உண்டு. கோடிக்கணக்கான ஆண்டுகள் பழமையான பெட்ரோலியத்தில் இல்லை. வெறும் 10 சதவிகிதம் கலந்து விட்டு "இயற்கைப் பிசின்" என்று பெயர் சூட்டுவதை இந்தச் சோதனை காட்டிக் கொடுத்து விடும்.

5. பிசினை வாங்குபவர் யார்? எழுத்து மூலம் ஒப்பந்தம் உண்டா?

இவற்றுக்குத் தாளில் பதில் இல்லையென்றால் பணம் கட்டக் கூடாது. பிளாஸ்டிக், பிசின் ஆகியவற்றின் வலிமையைச் சோதிக்கச் சென்னை கிண்டியில் 'சிப்பெட்' என்னும் மத்திய அரசு நிறுவனம் 1968 முதல் இயங்கி வருகிறது. பொருள் உண்மையாகவே நல்லதாக இருந்தால், தயாரிப்பவர் அங்கு அனுப்பிச் சோதித்து அறிக்கை பெறத் தயங்க வேண்டியதில்லை.

விவசாயி செய்ய வேண்டியது

பிசின் தயாரிப்பு வீட்டுத் தொழில் அல்ல. ஓட்டு எண்ணெயிலிருந்து எபாக்சி செய்ய எபிகுளோரோஹைட்ரின் என்ற கொடிய நச்சுப் பொருள் தேவைப்படுகிறது. தகுந்த தொழிற்சாலைக்கு வெளியே அதைத் தொடவே கூடாது. விவசாயியின் பங்கு, நல்ல ஓட்டைச் சீராகத் தருவதில் இருக்கிறது.

முதிர்ந்து தானே விழுந்த கொட்டைகளையே சேகரிக்க வேண்டும். பழத்தைத் திருகி நீக்கிய பின், இரண்டு மூன்று நாள் வெயிலில் அடிக்கடி புரட்டிக் காய வைக்க வேண்டும். ஈரம் சுமார் 8 சதவிகிதத்துக்கு இறங்கிய பிறகு சணல் சாக்கில் கட்டி, தரையில் படாமல் பலகைமீது அடுக்க வேண்டும். இதனால் பருப்பும் கெடாது, ஓடும் கெடாது. உடைத்த ஓட்டை மழையில் நனைய விடாமலும், மண், சாம்பல் கலக்காமலும் தனியே குவிக்க வேண்டும். எண்ணெய்க்கான இந்தியத் தர விதியில் ஈரம், சாம்பல், கரையாத கசடு ஆகிய மூன்றுக்கும் உச்ச வரம்பு உண்டு. களத்தில் சேரும் மண்ணும் ஈரமும் எண்ணெயின் தரத்தைத்தான் குறைக்கும். ஓட்டை அப்படியே அடுப்பில் எரிப்பதையும் கைவிட வேண்டும். அதன் புகை கண்ணையும் மூச்சையும் கெடுக்கும். எண்ணெய் எடுத்த பிறகு எஞ்சும் சக்கையே நல்ல எரிபொருளாகும்.

ஓரிரு ஏக்கர் வைத்திருப்பவரின் ஓடு ஒரு வண்டிக்குக்கூட வராது. உழவர் உற்பத்தியாளர் குழுக்கள் கொட்டையைச் சேர்த்து உடைத்து, பருப்பைத் தரம் பிரித்து, ஓட்டை லாரிக் கணக்கில் எண்ணெய் ஆலைக்கு விற்றால் பேரம் பேச முடியும். அப்போது எடைக்கு விலை என்பதை விட்டு, எண்ணெய்ச் சத்துக்கு விலை என்று கேட்க வேண்டும். கரும்புக்குச் சர்க்கரைக் கட்டுமானம் பார்த்து விலை நிர்ணயிப்பது போல், ஓட்டுக்கு எண்ணெய்க் கட்டுமானம் பார்ப்பதே நியாயம். உடைக்கும் பெண்களுக்குத் தக்க கையுறையும் கூலியும் அந்த விலையிலிருந்தே வர வேண்டும்.

ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் ஒரு கடமை உண்டு. பொதுமக்கள் பணத்தில் தாவரப் பிசின் ஆராய்ச்சி நடக்குமானால், வெற்றி பெற்ற எண்களை மட்டும் வெளியிட்டால் போதாது. வெயிலிலும் ஈரத்திலும் கிடைத்த குறைந்த எண்களையும் தமிழில் வெளியிட வேண்டும். முந்திரி ஓட்டுப் பிசின் பாரம் தாங்கும் உத்தரமாக ஆகாமல் போகலாம். ஆனால் துருப்பிடிக்காமல் காக்கும் பூச்சாகவும், அதிர்ச்சி தாங்கும் கலவையாகவும், பிரேக் கட்டையாகவும் அதற்கு உறுதியான இடம் இருக்கிறது. ஈரமான, குளிர்ந்த இடத்திலும் எபாக்சிப் பூச்சு இறுகுவதற்குக் கார்டனாலிலிருந்து செய்த ஹார்டனர்கள் கப்பல் வண்ணங்களில் ஏற்கனவே பயன்பட்டு வருகின்றன. தனக்குப் பொருந்தும் இடத்தில் விற்கும் சரக்கே நிலைத்த விலை பெறும். பொருந்தாத இடத்தில் புகழ்ந்து விற்றால், முதல் கோடையிலேயே பெயர் கெட்டு, அதன் விளைவு மீண்டும் விவசாயியிடமே வந்து சேரும்.

ஆகவே முந்திரி விவசாயிகள் இந்தப் புதிய வாய்ப்பை ஒதுக்கவும் வேண்டாம், கண்ணை மூடிக் கொண்டு நம்பவும் வேண்டாம். ஓட்டைக் காய வைத்துச் சுத்தமாகச் சேர்த்து, குழுவாக விற்று, எண்ணெய்ச் சத்துக்கு உரிய விலை கேட்க வேண்டும். பிசின் பற்றிய வாக்குறுதியோடு வருபவரிடம், முதலில் சோதனை அறிக்கையைக் கேட்க வேண்டும்.